கழுத்துப்பட்டையின் தீர்ப்பு

பூனை சொறிந்துகொள்வதற்கு மீன்தான் காரணம் என்று அடித்துச் சொன்ன தளவாய், மூன்று மாதமாக வீட்டில் மீனே சமைக்க விடவில்லை. மனைவி செண்பகவல்லி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அவர், ஒவ்வாமையைக் கண்டுபிடித்து வாய்விட்டுச் சொல்லும் கழுத்துப்பட்டை ஒன்றை வாங்கிப் பூனைக்கு மாட்டினார். அது பேசுவதற்குத் தன் குரலையே பதிவு செய்தார்.

"இனி என் வாயாலயே தீர்ப்பைக் கேட்டுக்கோ."

வெள்ளிக்கிழமை வழக்கம்போல வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டினார். பூனை காதைப் பிறாண்டியது. பட்டை அவர் குரலில் கணீரென்று சொன்னது: "சாம்பிராணிப் புகைதான் ஒத்துக்கொள்ளவில்லை. மீன் தாராளமாகக் கொடுக்கலாம்."

தளவாய் தூபக்காலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

செண்பகவல்லி பரணிலிருந்து மீன்சட்டியை இறக்கினாள். "மூணு மாசத்துல இன்னிக்குத்தாங்க உருப்படியா ஒரு வார்த்தை பேசியிருக்கீங்க!"