மடங்காத முழங்கை

"ஒரே ஒரு நிலையிலதாம்மா முழங்கையை நிறுத்த முடியும். மடக்கி வைக்கவா, நீட்டி வைக்கவா?"

டாக்டர் நல்லையா கேட்டதும் அஞ்சலை யோசிக்கவே இல்லை. "மடக்கியே வைங்க. சோறு வாய்க்கு எட்டணும்ல?"

கட்டிலில் கிடந்த அவள் கணவர் அப்பாசாமி மறுத்துத் தலையாட்டினார். "நீட்டி வைங்க டாக்டர். எனக்கு மில்லு வேலை இருக்கு."

பத்து நாளைக்கு முன் ரப்பர் மில் உருளையில் அவருடைய வலது கை சிக்கியது. கையை எடுத்துவிட வேண்டியதுதான் என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நல்லையா விடவில்லை. இரண்டு தடவை அறுத்துத் தைத்துக் காப்பாற்றிவிட்டார், விரல்கள்கூட அசைந்தன. முழங்கை மூட்டு மட்டும் தூள்தூள். எலும்போடு எலும்பைச் சேர்த்து ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டினால் ஒட்டினதுதான், ஆயுசுக்கும் அசையாது. மடக்கி வைத்தால் வாய்க்கு எட்டும், பாரம் இழுக்காது. நீட்டி வைத்தால் வேலை செய்யும், வாய்க்கு எட்டாது.

இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடலாமே என்று டாக்டர் சமாதானம் சொன்னார். நன்றாகச் சொன்னார் போங்கள். பீச்சாங்கையால் சாப்பிடுகிற வழக்கம் காஜா பேராங் ஊரில் அஞ்சலை வீட்டில் ஏது?

மில்லே கதியென்று கிடந்து, அவள் தம்பி கல்யாணத்துக்குக்கூட வராத மனுஷன். அதிலிருந்து இரண்டு வருஷமாக அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோற்று மங்குக் கிண்ணத்தை முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இந்தப் பத்து நாளாகத்தான், வேறு வழியில்லாமல், பிசைந்து ஊட்டிவிடுகிறாள். இப்போதும் அவருக்கு மில்தான் பெரிதாம்.

கை அவருடையது. டாக்டர் அவர் கேட்டபடியே நீட்டி ஒட்டினார்.

அடுத்த வாரம் மில்லில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் பொன்னுதுரை பார்க்க வந்தார். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் வார்டில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அஞ்சலை ஊட்டிக்கொண்டே குத்தலாகச் சொன்னாள்: "மாவுக்கட்டைப் பிரிச்சதும் வேலைக்கு ஓடி வந்துடுவாரு. மெஷினைத் தயாரா வச்சிருங்க."

பொன்னுதுரை விழித்தார். "எந்த வேலைக்கு அண்ணி? மாசக் கடைசியோட நின்னுக்கிறேன்னு, அடிபடுறதுக்கு முந்தின வாரமே அண்ணன் எழுதிக் கொடுத்துட்டாரே. இனிமே வீட்டோட இருக்கப் போறேன்னாரு."

அஞ்சலை கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பாசாமி அவள் கண்ணைப் பார்க்காமல், அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார்.