வலது பக்கம் தூக்கல்

அந்தப் பழைய சிடி பிளேயரை விலைக்கு வாங்க வந்திருந்த பல் டாக்டர் தரையில் மண்டியிட்டுப் பொத்தானை அழுத்தினார். பிளேயர் தன் தட்டை மெல்ல வெளியே நீட்டியது.

"நம்ம பேஷண்ட் மாதிரியே ஆ காட்டுது பாருங்கம்மா," என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. பேச்சை விட்டுவிட்டுச் சீக்கிரம் கட்டி எடுத்துக்கொண்டு போனால் தேவலை என்றிருந்தது.

அவள் இனி மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறாள். அங்கே இதற்கெல்லாம் இடமில்லை. இடம் இருந்தாலும் அவள் கொண்டுபோக மாட்டாள்.

பின்னே? அந்தக் கறுப்புப் பெட்டிக்கு அவள் வைத்த பெயரே சக்களத்தி. சிடி, டிவிடி, இன்னும் வாயில் நுழையாத பெயருள்ள தட்டுகள், எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் பாடும். அதோடு மல்லுக்கட்ட அவள் புருஷனுக்குப் பொழுது போதாது. கட்டினவளிடம் பேசத்தான் வாய் வராது.

பேச்சில் அப்படியொரு கஞ்சன். இடுப்பு வரை இருந்த முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றாள் ஒருமுறை. "தண்ணி கொண்டா" என்றார், அவ்வளவுதான்.

இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இந்த மனுஷர் என்னைக் கவனித்திருப்பாரா? அவர் போனதிலிருந்து அவளுக்குள் இந்த ஒரு கேள்விதான் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பதில் தெரியாமல் யாருக்காக அழுவது? அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கிள்ளினால்கூடத் தெரியாது.

டாக்டர் ஏதோ கேட்டிருக்கிறார். மறுபடி குரலை உயர்த்திக் கேட்ட பிறகுதான் அவள் திரும்பினாள்.

"எங்கே உட்கார்ந்து கேட்பாருன்னேன்."

அவள் ஜன்னலோரத்து நாற்காலியைக் காட்டினாள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நேர் நடுவில் போட்டது.

"ஆனா அதுல அவரு உட்கார மாட்டாரு. என்னைத்தான் உட்கார வைப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடக்கும் கூத்து அது. கை வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லி அவளை அந்த நாற்காலியில் உட்கார வைப்பார். அவர் அவளுக்கு இடது பக்கம் ஒரு தகர ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். வலது பக்கம் மெத்தை வைத்த சோபா சும்மாக் கிடக்கும்.

எங்கே போனாலும் இடது பக்கம்தான். தெருவில் இடது ஓரம் சாக்கடையாக இருந்தாலும் அதை ஒட்டித்தான் நடப்பார். பஸ்ஸில் அவள் இடது வரிசை ஜன்னல் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டால், எழுப்பி இடம் மாறச் சொல்லுவார். பிடிவாதத்துக்குப் பிறந்த பிள்ளை என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

உட்கார்ந்ததும் ரிமோட்டை எடுப்பார்.

"கேக்குதா?"

"ஊருக்கே கேக்குது."

ஒரு பொத்தானை அழுத்துவார். "இப்போ?"

நல்லா இருந்துச்சு போ என்று அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். மறுவாரமும் இதே பாட்டுதான்.

டாக்டர் தன் பையிலிருந்து ஒரு வயலின் தட்டை எடுத்துப் போட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். சற்று நேரத்தில் புருவத்தைச் சுருக்கினார். எழுந்துபோய் ஒயர்களை மாற்றிச் செருகிக் கேட்டார். திரும்பவும் செருகினார்.

"வலது பக்கம் ரொம்பத் தூக்கலா இருக்கே."

பழுது என்று விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம் வந்தது.

அவர் ரிமோட்டை அழுத்தினார். டிவி திரையில் பிளேயரின் அமைப்புப் பக்கம் விரிந்தது. இடது ஸ்பீக்கருக்கான கோடு பாதியில் நின்றது. வலது ஸ்பீக்கருக்கான கோடு உச்சி வரை ஏறியிருந்தது.

"பிளேயர் நல்லாத்தான் இருக்கு. சார் வேணும்னே இப்படி வச்சிருக்காரு. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ஆளுக்குத் தகுந்த மாதிரி வச்சிருக்காரு. அவருக்கு வலது காது மந்தமோ?"

"அவருக்கா? பாம்புக் காது. அடுத்த வீட்டு ரகசியமெல்லாம் கேட்கும்."

சொன்ன வேகத்தில் அவள் சட்டென்று திரும்பினாள்.

நாற்காலியைப் பார்த்தாள். அதன் இடது பக்கத்தில் தகர ஸ்டூல் இன்னும் அங்கேயேதான் இருந்தது. அவர் போன பிறகு அதை யாரும் நகர்த்தவில்லை.

"இதைப் பழையபடி ரெண்டு பக்கமும் சமமா வச்சிடுறேன்," என்று டாக்டர் பொத்தானில் விரலை வைத்தார்.

"ஐயோ, அதுல கை வைக்காதீங்க!"

தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. டாக்டர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். அவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டாக்டர் பதறி வந்து அவளுக்கு வலது பக்கம் சோபாவில் உட்கார்ந்து ஏதோ கேட்டார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. வயலின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இழைகூடத் தவறாமல் கேட்டது.

கன்னம் நனைவது தெரிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"இப்படி வந்து சொல்லுங்க டாக்டர்," என்று ஸ்டூலைக் காட்டினாள். "எனக்கு வலது காது கேக்காது."

கல்யாணத்துக்கு முன்னால், யாரிடமும் மூச்சு விடாதே என்று அம்மா சொல்லி வைத்ததிலிருந்து அவள் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

கட்டினவரிடம்கூட.