மேல்மாடிச் சத்தம்

உமாமகேஸ்வரி சிங்கப்பூர் வந்து, ஈசூன் அடுக்குமாடி வீட்டில் குடியேறி இரண்டு மாதமாகிறது. கணவன் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பேச ஆளில்லை. லிப்டில் இவள் சிரித்தாலும் எல்லோரும் கைப்பேசிக்குள் தலை கவிழ்ந்திருந்தார்கள்.

அன்று காலையும் மேல்மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா, உங்க பிள்ளைங்க குதிக்கிற சத்தம் தாங்கல. நேத்து ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

"மன்னிச்சுக்கம்மா. உள்ள வா, டீ போடுறேன்" என்றாள் ஷமீமா, எப்போதும்போல.

ஊர், சமையல், பிள்ளைகள் என்று பேச்சு நீண்டது. மதியமானதும் உமா மனமில்லாமல் எழுந்தாள்.

வாசலில் ஷமீமா தயங்கினாள்.

"நேத்து ராத்திரி நாங்க எல்லாரும் ஜொகூர்ல, எங்க அம்மா வீட்டுல இருந்தோம்மா. காலையிலதான் வந்தோம்."

உமாவால் தலைநிமிர முடியவில்லை.

ஷமீமா அவள் கையைப் பற்றிக்கொண்டு சிங்கப்பூர்ப் பேச்சு வழக்கில் சொன்னாள்.

"இனிமே சத்தம் கேக்காட்டியும் வா லா."