அடைக்கோழி தேடிய தாலாட்டு

கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழிக்கு ஒரே கவலை. குஞ்சுகள் ஓட்டை உடைத்து வரும்போது காதில் விழும் முதல் சத்தம் நல்ல தாலாட்டாக இருக்க வேண்டும். அதனால் செல்போனில் பாட்டு விற்கும் கடைகளை அலகால் தள்ளித் தள்ளிப் பார்த்தது.

“இந்தக் கடைப் பாட்டு தெளிவா இருக்கு, ஆனா வேற போன்ல பாடாதாம். அந்தக் கடைப் பாட்டு எதுலயும் பாடும், ஆனா கரகரங்குது. வாங்கலாமா, வேண்டாமா?”

“ஏதாவது ஒண்ணை வாங்குக்கா, நாள் நெருங்குது,” என்றது சுவரிலிருந்த பல்லி.

“வாங்கின பிறகு அதைவிட நல்லது கண்ணுல பட்டா?”

ஒருவழியாக ஒரு கடையை முடிவு செய்து, வாங்குவதற்காகக் கோழி அலகை ஓங்கியது. அந்த நேரம் பார்த்துப் பல்லி உச்சுக்கொட்டியது. கோழி சட்டென்று பின்வாங்கியது.

“பல்லியே சொல்லிடுச்சு. இந்தக் கடை வேண்டாம்.”

“நான் ஒண்ணும் சொல்லலைக்கா. கொசு தப்பிச்சிடுச்சேன்னு உச்சுக்கொட்டினேன்.”

கோழி கேட்கவில்லை. மறுபடி முதல் கடையிலிருந்து ஆரம்பித்தது. முட்டைகளின் மேலேயே உட்கார்ந்து, வாங்கலாமா வேண்டாமா என்று ஓயாமல் முணுமுணுத்தது.

ஒருநாள் காலையில் ஓடுகள் விரிசல் விட்டன. கோழி பதறிப்போய் அலகுக்கு எட்டிய கடையில் ஒரு தாலாட்டை வாங்கி ஓடவிட்டது. பாட்டு தேனாக இருந்தது. குஞ்சுகள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

முதலில் வந்த குஞ்சு ஈரம் காயாமல் நின்று, எதிரே சிந்திக் கிடந்த நொய்யை உற்றுப் பார்த்தது.

“தின்னலாமா, வேண்டாமா?”