அடுத்த வசனம்

ஜெசிந்தா நாகர்கோவிலில் இருந்தபடியே ஜெர்மன் போலீஸ் தொடர்கள் பார்த்து அந்த மொழியைக் கற்றாள். "பாஷை வந்திட்டாட்டி?" என்று அக்கா கேட்டதற்கு, "கொலைகாரன்கிட்டயே வாக்குமூலம் வாங்கிருவேன்க்கா" என்றாள். இப்போது அவள் ஜெர்மன் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். ஏழாம் அறை நோயாளி விடியற்காலையில் இறந்துபோனார். மருத்துவர் வருவதற்குள், இறந்தவர் கேட்டிருந்த மூக்குக்கண்ணாடியோடு அவர் மனைவி வந்துவிட்டாள்.

"எழுந்துவிட்டாரா?"

தொடரில் போலீஸ்காரர்கள் வாசலில் நின்று சொல்வதை ஜெசிந்தா பிசிறில்லாமல் சொன்னாள். "சொல்ல வருத்தமாக இருக்கிறது. உங்கள் கணவர் இறந்துவிட்டார்."

அந்தப் பெண் கண்ணாடியோடு சேர்த்து ஜெசிந்தாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "கடைசியில் என்னைத் தேடினாரா?"

தொடரில் இதற்கடுத்து வருவது ஒரே வசனம்தான்: 'நேற்றிரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' நாக்கு நுனிவரை வந்துவிட்ட அதை ஜெசிந்தா பல்லைக் கடித்து நிறுத்தினாள். அந்தப் பெண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.