பழைய மார்புக்குச் சந்தனம்

புற்றுநோய்க்கு இடது மார்பைப் பறிகொடுத்த பூங்கோதைக்கு, பத்து வருடமாக அந்த இடத்தில் இருந்தது ஒரு சிலிக்கோன் பை. போன மாதம் அதை எடுத்துவிட்டு, அவள் உடம்பிலிருந்தே செல் எடுத்து வளர்த்த புது மார்பைப் பொருத்தினார்கள். பழையதை டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

ஆயுத பூசையன்று, கணவர் சிதம்பரத்தின் லேத் பட்டறையில் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் அந்தப் பையையும் வைத்தாள்.

"இதுக்குமா பூசை?" என்றார் சிதம்பரம்.

"ஏனுங்க, இத்தன வருசம் என்னைய நாலு பேர் முன்னால தல நிமிந்து நிக்க வெச்சுதுங்க. உணர்ச்சி இல்லாட்டி என்ன? உங்க லேத்துக்கு மட்டும் இருக்குதா?"

அவர் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். பைக்குப் பொட்டிட்டாள். விரலில் மிச்சமிருந்ததை, முந்தானையை விலக்கிப் புது மார்பிலும் வைத்துக்கொண்டாள். உடம்பு சிலிர்த்தது.

"என்னாச்சு?" என்று பதறினார்.

கண்ணீரோடு சிரித்தாள். "சில்லுனு இருக்குதுங்க!"