லேப்டாப்புக்குள் இருந்தது

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் முதலாளி தனபால் இரும்புக் குழாயை ஓங்கினார். அவருடைய ஷெட்டில் கண்காணிப்புக் கேமரா மாட்டிக்கொடுத்த மணிமாறன் லேப்டாப்பை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான்.

"ரிக்குல வேல செஞ்ச மாதையன நான் அடிச்சுக் கொன்னது உன்ற கேமராவுல இருக்குதாமா. அழிச்சுப்போடுறா!"

"முடியாதுங்க. அவம் பொண்டாட்டிக்கு வேற சாட்சி இல்லீங்க."

குழாய் முழங்காலில் இறங்கியது. அடுத்தது தாடையில். பல்லொன்று தெறித்தது. அவன் லேப்டாப்பை விடவில்லை.

"இதுக்குள்ளதான வெச்சிருக்கற? நானே அழிக்கறன் பாரு!"

தனபால் லேப்டாப்பைப் பிடுங்கித் தரையில் அடித்தார். தூள்தூளாகும்வரை குழாயால் நொறுக்கினார். பிறகு வியர்வையைத் துடைத்துச் சிரித்தார்.

"இப்ப என்னடா பண்ணுவ?"

மணிமாறன் ரத்தத்தைத் துப்பினான்.

"வீடியோ சென்னையில சர்வர்ல இருக்குதுங்க. வேற யாரும் நுழையாத மாதிரி நாந்தான் ரெண்டு பாஸ்வேர்டு சாவி போட்டுப் பூட்டி வெச்சேன். பாக்கற சாவிய இன்ஸ்பெக்டருக்கு அனுப்பியாச்சு, சாயந்தரம் பாக்கறேன்னாரு. அழிக்கற சாவி இந்த லேப்டாப்புல மட்டுந்தானுங்க இருந்துச்சு."

குழாய் கைநழுவி விழுந்தது.

"இன்னும் ரெண்டு அடி என்னைய அடிச்சிருந்தீங்கன்னா, வலி தாங்காம நானே அழிச்சிருப்பேனுங்க."